புரியாமலே தேறுவது எப்படி?

பேராக்கின் புந்தோங்கிலிருந்து பல்கலைக்கழகம் போகிற பிள்ளைக்கு அறிவுரைப் பஞ்சமே கிடையாது. எந்த ஹோஸ்டலில் தண்ணீர் ஒழுங்காக வரும், பிடிபிடிஎன் கடனுக்கு எந்தத் தாளில் யார் கையெழுத்துப் போட வேண்டும், மெகி மீயைக் கெட்டிலிலேயே வேகவைப்பது எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அங்கிள் இருக்கிறார். முதலாண்டுக் கால்குலஸுக்கு மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. ஒரே தடவையில் தேறியவர்களுக்கு அது மறந்துவிட்டது. மறக்காதவர்கள் அதை இரண்டு தடவை எடுத்தவர்கள், அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்கள். இந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கையேடு. இதில் சொன்னபடி நடக்கும் தம்பி எவனும் கால்குலஸைப் புரிந்துகொள்ளும் ஆபத்துக்கு ஆளாக மாட்டான். தங்கச்சிகளும் வாசிக்கலாம், ஆனால் அவர்கள் வகுப்புக்கு ஒழுங்காகப் போய்த் தொலைப்பதால் பாதிக்கு மேல் பயன்படாது.

முதலில், நீ எந்த வாசல் வழியாக வந்தாய் என்று பார்த்துக்கொள். எஸ்டிபிஎம் எழுதி வந்தவன் என்றால் உனக்குக் கால்குலஸ் பழைய பகை. பாரம் சிக்ஸ் கணிதம் மூன்று தவணை: முதலாவது இயற்கணிதமும் வடிவியலும், இரண்டாவது முழுக்க முழுக்கக் கால்குலஸ், மூன்றாவது புள்ளியியல். தவணைக்கு ஒரு தாள், ஒன்றரை மணி நேரம், 60 புள்ளி. அதில் 45 புள்ளிக்கு எல்லாக் கேள்வியையும் எழுதியாக வேண்டும், மீதி 15க்கு இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தாள் ஒவ்வொன்றுக்கும் 26.67 விழுக்காடு, பள்ளியிலேயே செய்யும் இடுபணிக்கு 20. அதென்ன 26.67 என்று திகைக்காதே, 80ஐ மூன்றால் வகுத்துப் பார். பல்கலைக்கழகத்திலும் நீ மனமுவந்து போடப்போவது இந்த மாதிரிக் கணக்கை மட்டும்தான்.

மெட்ரிகுலேஷன் வழியாக வந்தவன் இதையெல்லாம் ஒரே வருடத்தில் விழுங்கிவிட்டு வந்திருப்பான். இங்கே ஓர் எச்சரிக்கை. மலேசியப் பிள்ளையின் வாழ்க்கையில் 90க்கு 10 என்ற விகிதம் இரண்டு தடவை வரும். ஒன்று, யூபியூ வழி அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மனுச் செய்யும்போது: படிப்புக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10. நீ சிலம்பம் சுற்றியது, செஞ்சிலுவைச் சங்கத்தில் நண்பன் தலைக்குக் கட்டுப் போட்டது எல்லாம் இந்தப் பத்துக்குள் அடக்கம். இன்னொன்று மெட்ரிகுலேஷன் இடங்கள்: பூமிபுத்ராக்களுக்கு 90, மற்ற எல்லாருக்குமாகச் சேர்த்து 10. 2019இல் மொத்த இடத்தை 25,000இலிருந்து 40,000 ஆக உயர்த்தினார்கள், விகிதம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. முதல் பத்தை உழைத்துச் சம்பாதிக்கலாம். இரண்டாவது பத்தைப் பற்றி விளக்கம் வேண்டுமானால் புந்தோங் மார்க்கெட் பக்கம் ஒரு தே தாரேக் சொல்லிவிட்டு உட்கார், நாலு பேர் தானாக வருவார்கள். நமக்கு வகுப்புக்கு நேரமாகிறது.

இரண்டு வாசலும் திறக்கவில்லை என்றால் தெற்கே கம்பார் இருக்கிறது. 2002இல் தொடங்கிய துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் 2007 முதல் அங்கே வளாகம் போட்டிருக்கிறது. எந்த வாசல் வழியாக வந்தாலும் எந்தப் பல்கலைக்கழகத்திலும் ஒரே மாதிரியான லெக்சர் ஹாலில்தான் கொண்டுபோய் உட்காரவைப்பார்கள். பாதிப் பேருக்குக் கால்குலஸ் முன்பே படித்தது, பாதிப் பேருக்குப் புதிது. லெக்சரர் இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு வேகத்தைப் பிடிப்பார். அந்த வேகம் எவருக்கும் பொருந்தாது. இதற்கு நடுநிலைமை என்று பெயர்.

முதல் நாள் கோர்ஸ் அவுட்லைன் என்று இரண்டு மூன்று பக்கம் கொடுப்பார்கள். எல்லாரும் கடைசிப் பக்கத்தில் உள்ள புள்ளி விவரத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு மீதியை மறந்துவிடுவார்கள். நீ அவசரப்படாதே, நகைச்சுவை முதல் பக்கத்தில் இருக்கிறது. பாடம் மூன்று கிரெடிட். இந்த நாட்டு வழக்கப்படி ஒரு கிரெடிட் என்றால் மாணவன் 40 மணி நேரம் உழைப்பதாகக் கணக்கு, மூன்றுக்கு 120 மணி. பதினான்கு வாரம், வாரத்துக்கு மூன்று மணி லெக்சர், ஒரு மணி டியூட்டோரியல் என்றால் 56 ஆயிற்று. மீதி 64 மணி நேரத்தைத் தேர்வு போக நீயாக உட்கார்ந்து படித்துக் கழிப்பாய் என்று அச்சடித்து, அதற்கு மேலிடத்தில் அங்கீகாரமும் வாங்கியிருக்கிறார்கள். அந்த வரியைக் கடக்கும்போது லெக்சரர் சிரிக்க மாட்டார். நீயும் சிரிக்கக் கூடாது.

அதற்குக் கீழே, பாடம் முடியும்போது மாணவர் என்னென்ன செய்வார் என்று மூன்று நாலு வரி. சார்பின் எல்லையைக் கணக்கிடுவார். வகையீடு காண்பார். தொகையீட்டைக் கொண்டு பரப்பளவு காண்பார். புரிந்துகொள்வார் என்று ஒரு வரியும் இருக்காது. எழுத மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதே. பாடத்திட்டம் எழுதும் பயிற்சிப் பட்டறைகளில் முதல் பாடமே அதுதான்: புரிதலை அளக்க முடியாது, அளக்க முடியாததை இலக்காக எழுதாதே. ஆக, தம்பி, நீ புரிந்துகொள்ள வேண்டும் என்று அதிகாரபூர்வமாக எவரும் உன்னிடம் கேட்கவில்லை. கேட்காததைச் செய்துவிட்டு அதற்குப் புள்ளி இல்லையே என்று பின்னால் அழாதே.

இனிக் கடைசிப் பக்கம். இடத்துக்கு இடம் மாறும், ஆனால் பொதுவாக இப்படி வைத்துக்கொள்: குவிஸ் 10, இடுபணி 10, மிட்டெர்ம் 20, இறுதித் தேர்வு 60. முதல் நாற்பதுக்கு மாணவர் பேச்சில் கேரி மார்க் என்று பெயர். இறுதித் தேர்வுக்கு நீ சுமந்துகொண்டு போகிற கட்டுச்சோறு அது. குவிஸில் 8, இடுபணியில் 9, மிட்டெர்மில் 11 என்றால் கையில் 28. ஐம்பதைத் தொட இன்னும் 22 வேண்டும், அதாவது அறுபதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். எண்பதை எட்டி ஏ வாங்க 52 வேண்டும். இந்தக் கணக்கை நூலகத்தில், பஸ்ஸில், குளியலறையில், கோயிலில் என்று பருவம் முழுக்கப் போடுவாய். இரண்டுடன் மூன்றைக் கூட்டக் கால்குலேட்டர் தேடுபவனும் இதை மட்டும் மனத்தாலேயே, அரைப் புள்ளி பிசகாமல் போடுவதைப் பார்த்திருக்கிறேன். சில இடங்களில், இறுதித் தேர்வில் தனியாக இவ்வளவு எடுக்காவிட்டால் கேரி மார்க் எவ்வளவு இருந்தாலும் செல்லாது என்று பொடி எழுத்தில் ஒரு விதி கிடக்கும். கோர்ஸ் அவுட்லைனில் பெரிதாக்கிப் படிக்க வேண்டிய ஒரே வரி அதுதான்.

வருகைக்குப் புள்ளி கிடையாது, ஆனால் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வு மண்டபத்துக்குள் விட மாட்டார்கள். 42 லெக்சரில் எட்டை விடலாம். இந்த எட்டு உன் பூர்வீகச் சொத்து, பார்த்துச் செலவழி. தைப்பூசத்துக்குப் பேராக்கில் பொது விடுமுறை உண்டு, அதற்கு எதையும் கொடுக்க வேண்டாம். கல்லுமலைக் கோயிலில் காவடி எடுத்த அசதிக்கு மறுநாள் ஒன்று. சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு இரண்டு. தீபாவளிக்கு முறுக்கு சுட ஆள் இல்லை என்று அம்மா போன் செய்தால் ஒன்று. நம் வீட்டைத் தாண்டிக் கச்சாங் பூத்தே கம்பத்துக்குப் போனால் வருடம் முழுக்க முறுக்கு சுட்டு விற்கிறார்கள், அங்கே வாங்கிக்கொள்ளலாமே என்று அம்மாவிடம் சொல்லிப் பார்க்காதே. இன்னும் நாலு மிச்சம். அவற்றைத் திங்கட்கிழமை காலை எட்டு மணி லெக்சர் தானாகத் தின்றுவிடும்.

இடுபணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் போடுவான், நாற்பது பேர் எழுதுவார்கள். ஏழாவது வரியில் அவன் தவறவிட்ட மைனஸ் நாற்பது தாளிலும் அச்சுப் பிசகாமல் தவறியிருக்கும். லெக்சரர் அதைக் கண்டுபிடித்தாலும் வகுப்பின் சராசரி நன்றாக வருகிறதே என்று பெருமூச்சு விட்டுக்கொள்வார்.

பாடம் முதல் மூன்று வாரம் எல்லையைச் சுற்றி நடக்கும். எப்சிலான், டெல்டா என்று இரண்டு கிரேக்க எழுத்துகள் வந்து ஒரு மணி நேரம் கரும்பலகையில் ஒன்றையொன்று துரத்தும். இது தேர்வில் வராது என்று சீனியர் அண்ணன் சொல்வார், அவர் சொன்னது சரியாகவே இருக்கும். மனிதகுலம் இந்த இரண்டு எழுத்துக்கு வந்துசேர நியூட்டனுக்கும் லைப்னிட்ஸுக்கும் பிறகு ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. உனக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், புள்ளி எதுவும் ஒதுக்கவில்லை. நாலாவது வாரம் வகையீட்டுச் சூத்திரங்கள் வரும். அடுக்கை முன்னால் கொண்டுவா, ஒன்றைக் கழி. பத்து நிமிடத்தில் வந்துவிடும். அதைச் செய்துகொண்டே இருக்கும்வரை எதுவும் நடக்காது.

ஆபத்து ஏழாம் வாரத்தில் ஆரம்பிக்கிறது. குறிப்பிட்ட கொள்ளளவுக்கு மூடிபோட்ட உருளை டின் செய்ய வேண்டும், தகரம் மிகக் குறைவாகச் செலவாக வேண்டும், உயரம் என்ன, ஆரம் என்ன? உலகத்தில் எந்தக் கால்குலஸ் புத்தகத்தைத் திறந்தாலும் இந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கும். உயரம் விட்டத்துக்குச் சமம் என்று எழுதினால் முழுப் புள்ளி. எழுதிவிட்டுத் தாளைத் திருப்பிவிட வேண்டும், நிமிர்ந்து வெளியே பார்த்துவிடக் கூடாது. பார்த்தால் நீ உட்கார்ந்திருப்பது கிந்தா பள்ளத்தாக்கு. டின்னுக்குப் பூசும் ஈயத்தை ஒரு காலத்தில் உலகத்துக்கே தோண்டிக் கொடுத்த இடம். 1985இல் ஈய விலை சரிந்தது, சுரங்கங்கள் மூடின, தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நின்று குட்டையாயிற்று. கம்பார் வளாகம் நிற்பதே அப்படிப்பட்ட பழைய சுரங்க நிலத்தில்தான். இவ்வளவையும் நினைத்துவிட்டு நீ கடைக்குப் போனால் அலமாரியில் பால் டின்னைத் திருப்பிப் பார்ப்பாய், உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பக்கத்திலேயே சார்டின் டின் நெட்டையாக நிற்கும். இது ஏன் புத்தகப்படி இல்லை என்று தோன்றும். வட்ட மூடியை வெட்டும்போது மூலையில் வீணாகும் தகரத்தை நாம் கணக்கில் சேர்க்கவில்லையே என்று தோன்றும். அதைச் சேர்த்தால் டின் நெட்டையாகுமா என்று ஒரு தாளை எடுப்பாய். ஆகும், தம்பி. ஆனால் அதற்குள் குவிஸ் முடிந்து ஆட்கள் கலைந்திருப்பார்கள்.

டின்னாவது பரவாயில்லை. பாட்டியிடம் மட்டும் போகாதே. புந்தோங்கில் பாதி வீட்டுக் கதை ஏதாவது ஓர் எஸ்டேட்டில்தான் ஆரம்பிக்கிறது, உன் பாட்டியும் பால் மரம் வெட்டியவராக இருக்க வாய்ப்பு அதிகம். நீ புத்தகத்தோடு திண்டாடுவதைப் பார்த்து என்ன பாடம்பா என்று கேட்பார். ஓட்டத்தின் வேகம் மாறிக்கொண்டே இருந்தால் மொத்தம் எவ்வளவு சேரும் என்று கண்டுபிடிக்கணும் பாட்டி என்று நீ உளறுவாய். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்வார்: விடியறதுக்கு முன்னாடி வெட்டுனா பால் கொடகொடன்னு வரும், வெயில் ஏற ஏறக் கொறையும், அப்புறம் சொட்டும், அப்புறம் வெட்டுன எடத்துலயே ஒறைஞ்சு நின்னுடும். இந்த நிமிஷம் எவ்வளவு வேகமா வடியுதுங்கறது ஒண்ணு, கோப்பையில எவ்வளவு சேர்ந்திருக்குங்கறது ஒண்ணு. வேகம் தெரிஞ்சா கோப்பையைச் சொல்லலாம். கோப்பை நிமிஷத்துக்கு நிமிஷம் எவ்வளவு ஏறுதுன்னு பாத்தா வேகத்தைச் சொல்லலாம்.

இதைத்தான் புத்தகத்தில் கட்டம் கட்டி அடிப்படைத் தேற்றம் என்று போட்டிருக்கிறார்கள். பத்தாவது வாரம் முழுக்க லெக்சரர் எழுதிக் களைத்தது, திண்ணையில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இப்போது உன் நிலைமையை யோசி. உனக்குப் புரிந்துவிட்டது. அதைப் போட்டுவைக்க விடைத்தாளில் இடமில்லை. தேர்வில் பகுதித் தொகையீட்டில் இரண்டு, பின்னம் பிரித்துத் தொகையிடுவதில் ஒன்று, அவ்வளவுதான் கேட்பார்கள். எந்தக் கேள்வியிலும் பால் கோப்பை வராது. முடிவில் ஒரு மாறிலியைக் கூட்டி எழுத, அதாவது அந்தக் கூட்டல் சியைப் போட மறந்தால் ஒரு புள்ளி போய்விடும். வெட்டுவதற்கு முன்பே கோப்பையில் எவ்வளவு கிடந்தது என்பதுதான் அந்தச் சி என்று உனக்குத் தெரிந்திருந்தாலும் போய்விடும்.

டியூசன் போகலாமா என்று அப்பா கேட்பார். போ. கௌரவக் குறைவு இல்லை, இந்தப் பாடத்தின் பிறப்பிலேயே டியூசன் கலந்திருக்கிறது. வகையீட்டுக்கு அச்சில் வந்த முதல் பாடப் புத்தகம் 1696இல் பாரிஸில் வெளியானது. எழுதியவர் லோபிதால் என்ற பிரபு. அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் யோஹான் பெர்னூலி. வருடத்துக்கு 300 லிவர் தருகிறேன், கண்டுபிடிப்பதை எனக்கு அனுப்பு, வேறு எவரிடமும் சொல்லாதே என்று பிரபு 1694இலேயே கடிதத்தில் பேரம் முடித்திருந்தார். மேலேயும் கீழேயும் பூஜ்யம் வந்தால் இரண்டையும் வகையிட்டுப் பார் என்று நீ மனப்பாடம் செய்யும் லோபிதால் விதி அப்படிக் காசு கொடுத்து வாங்கியது. பிரபு போய்ச் சேர்ந்த பிறகுதான் வாத்தியார் அது என்னுடையது என்று உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். டியூசன் சாரிடம் இந்தக் கதையைச் சொல்லிவிடாதே, கட்டணத்தை ஏற்றிவிடுவார்.

மிட்டெர்ம் தாள் திரும்பி வரும்போது திருத்தியது நியாயமில்லை என்று தோன்றும். திருத்துவது என்பதே கால்குலஸில் ஆரம்பத்திலிருந்து சந்தேகமான சமாச்சாரம். இதை முதலில் கண்டுபிடித்தது நியூட்டனா லைப்னிட்ஸா என்று தகராறு முற்றி, லண்டன் ராயல் சொசைட்டி 1712இல் ஒரு குழு போட்டு விசாரித்தது. நியூட்டனே முதல்வர் என்று அறிக்கை வந்தது. சொசைட்டியின் தலைவர் நியூட்டன். அறிக்கையைத் திரைமறைவில் எழுதியதும் நியூட்டன். தன் தாளைத் தானே திருத்தி முழுப் புள்ளி போட்டுக்கொண்ட வசதி உனக்கு இல்லை. ஆனால் ஒரு சலுகை உண்டு. விடை தப்பானாலும் வழி சரியென்றால் வழிக்கென்று தனிப் புள்ளி கிடைக்கும். ஆகவே எதையும் வெறுமையாக விடாதே. என்ன செய்வதென்றே தெரியாத கேள்வியிலும் கொடுத்த சார்பைத் திரும்ப எழுது, வகையீட்டுக் குறியைப் போடு, பூஜ்யத்துக்குச் சமப்படுத்து. லெக்சரர் அதிலிருந்து ஒரு புள்ளியைப் பொறுக்கிக் கொடுப்பார். மிட்டெர்மில் வாங்கிய 11இல் 4 இப்படி வந்ததுதான் என்பது உனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

இறுதித் தேர்வுக்குப் பழைய ஆண்டுத் தாள்களைத் தவிர வேறு எதையும் தொடாதே. போட்டோஸ்டாட் கடையில் ஐந்து ஆண்டுத் தாளைச் சேர்த்துச் சுருள் கம்பி போட்டுக் கொடுப்பார்கள். ஐந்தையும் வரிசையாகப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும்: கேள்விகள் மாறுவதில்லை, எண்கள்தான் மாறுகின்றன. டின் ஒரு வருடம் 355 மில்லி, அடுத்த வருடம் 500. சுவரில் சாய்த்த ஏணி ஒரு வருடம் ஐந்து மீட்டர், அடுத்த வருடம் பத்து. ஏணி வழுக்காத வருடமே கிடையாது. கேசியோ கால்குலேட்டருக்குப் புது பேட்டரி போடு. மண்டபத்தில் மூன்றாவது பக்கத்தில் ஒரு கேள்வி பாட்டியின் கோப்பையை நினைவுபடுத்தினால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ. அங்கே நின்று யோசித்தால் இருபது நிமிடம் போய்விடும். யோசித்ததற்கு எவரும் புள்ளி போட மாட்டார்கள்.

ஒருவேளை 49 வந்துவிட்டால் வீட்டில் ராமானுஜனை இழுக்காதே. அவர் கும்பகோணத்திலும் பிறகு சென்னையிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் கோட்டை விட்டது மற்றப் பாடங்களில், கணக்கு நோட்டைக் கையைவிட்டுக் கீழே வைக்காததால். உன் கதை நேர் எதிர் என்று பாரம் ஃபைவ் படிக்கும் தங்கச்சி கண்டுபிடித்துவிடுவாள். மறுதிருத்தத்துக்கு மனுப் போடு, கட்டணத்தைக் கட்டு, அடுத்த பருவத்துக்குத் திங்கட்கிழமை எட்டு மணி இல்லாத குழுவாகப் பார்த்துப் பதிவு செய்.

தேறிவிட்டால் ஊருக்கு வரும்போது ஒரே ஒரு கேள்விக்குத் தயாராக இரு. புந்தோங் கல்யாண வீட்டில் எந்த ஆண்டியும் சங்கிலி விதியைச் சொல்லு பார்ப்போம் என்று கேட்க மாட்டார். பாயிண்டர் எத்தனை என்றுதான் கேட்பார். நாலுக்கு மூன்று புள்ளி ஒன்று என்று சொல். அது நல்லதா என்று அடுத்துக் கேட்பார், பக்கத்தில் நிற்கும் உன் அம்மா பதில் சொல்லிக்கொள்வார். முதல் வகுப்பில் பட்டம் வாங்கினால் பிடிபிடிஎன் கடனைத் தள்ளச் சொல்லி மனுச் செய்யலாம் என்று யாராவது அங்கிள் குறுக்கே சொல்வார். அதற்கு நிபந்தனைகள் உண்டு, மாறிக்கொண்டும் இருக்கும், ஆகவே தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சாப்பாட்டு வரிசையில் போய் நில்.

கால்குலஸ் இரண்டு அடுத்த பருவம் திறக்கும். அதற்கு முன் கால்குலஸ் ஒன்றின் நோட்ஸைச் சுத்தமாக எழுதி, போட்டோஸ்டாட் எடுத்து, ஜூனியர்களுக்குச் சுருளுக்குப் பத்து வெள்ளி என்று விற்றுவிடு. அட்டையில் உன் பெயரைப் போடலாம். பாயிண்டரைப் போடாதே. பாட்டி சொன்னதை மறந்துபோய் எங்காவது ஓரத்தில் எழுதிவைத்திருந்தால் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு விற்பது நல்லது, தேர்வுக்கு வராததைப் பார்த்தால் ஜூனியர் காசைத் திருப்பிக் கேட்பான்.